பசுமரத்தாணி

பசுமரத்தில் அறைந்த ஆணி எளிதில் உள்ளே சென்று பதியும். மரம் வளர வளர அதனைச் சூழ்ந்து வைரம் பாயும். பின்னர் எத்துணை முயன்றாலும் அவ்வாணியைப் பிடுங்குதல் அரிது. இளமையில் மனத்திற் பதியும் நினைவுகளும் அத்தகையனவே என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. ஆயினும், ஆணி அறையப்பட்ட மரங்கள் யாவும் ஒன்றுபோல் வளர்வதில்லை. சில மரங்கள் புண்பட்ட இடத்தில் வாடிப்போகின்றன. சில மரங்களோ அப்புண்ணையும் தம்முள் அடக்கிக்கொண்டு ஓங்கி வளர்ந்து, நாடி வருவோர்க்கு நிழல் தருகின்றன. மனிதர் வாழ்க்கையிலும் இவ்வேறுபாட்டைக் காண்கிறோம்.

எவரும் தாம் பிறந்த நாளை நினைவு கூர இயலாது. தாய்ப்பால் அருந்தியதும், முதன்முதல் அடியெடுத்து வைத்ததும் நம் நினைவில் இல்லை. பெரும்பாலோர்க்கு எட்டும் முதல் நினைவு, ஏறத்தாழ மூன்று அல்லது நான்கு வயதில் நிகழ்ந்ததாகவே உள்ளது. நினைவைக் காக்கும் மூளைப் பகுதி அதற்கு முன் நன்கு முதிராமையும், நிகழ்ந்ததை எடுத்துச் சொல்லும் மொழி அப்போது கைவராமையும் இதற்குக் காரணங்களாம் என அறிஞர் கூறுகின்றனர். அந்த முதல் நினைவுகளுள்ளும் சிலவே வாழ்நாள் முழுதும் நிலைத்து நிற்கின்றன. ஏனையவை நீர்மேல் எழுத்துப்போல் மறைந்து விடுகின்றன. அச்சில நினைவுகள் மட்டும் நிலைபெறுவது ஏன்? அவற்றிற்கும் ஒருவரது இயல்பிற்கும் தொடர்பு உண்டா?

இவ்வினாவை ஆழ்ந்து சிந்தித்தவருள் ஒருவர் ஆல்பிரட் ஆட்லர் என்னும் மருத்துவர். அவர் 1870ஆம் ஆண்டு ஆஸ்திரியா நாட்டின் தலைநகராகிய வியன்னாவை அடுத்த ஓர் ஊரிற் பிறந்தார், 1937இல் மறைந்தார். இளமையில் அவர் நோயுற்றவர். எலும்பு வலுவிழந்து, ஓடியாட மாட்டாதவராய் இருந்தார். அவர் உள்ளத்தில் ஒரு நினைவு நெடுங்காலம் நிலைத்திருந்தது. பள்ளிக்குச் செல்லும் வழியில் ஓர் இடுகாடு இருந்தது. அதனைக் கடக்கும்போதெல்லாம் ஏனைய சிறுவர் அஞ்சாது செல்ல, அவர்மட்டும் நடுங்கினார். ஒருநாள் அவ்வச்சத்தை ஒழிக்கத் துணிந்து, அவ்விடுகாட்டின் ஊடே முன்னும் பின்னுமாகப் பன்முறை ஓடினார். அன்றோடு அச்சம் அகன்றது. ஆண்டுகள் பல சென்றபின், முப்பத்தைந்து வயதளவில், உடன்பயின்ற ஒருவரைக் கண்டு அவ்விடுகாட்டைப் பற்றி உசாவினார். அப்பள்ளிக்குச் செல்லும் வழியில் இடுகாடு என்பதே என்றும் இருந்ததில்லை என்று அவர் விடையிறுத்தார். வேறு பலரும் அதனையே உறுதிப்படுத்தினர்.

ஆட்லர் வியப்புற்றார், ஆனால் வெட்கமுறவில்லை. நினைவு என்பது நிகழ்ந்ததை அவ்வாறே காட்டும் நிழற்படம் அன்று. மனம் தன் தேவைக்கேற்பத் தேர்ந்தெடுத்தும் திருத்தியும் காத்துவரும் ஓவியம் என்பதை அவர் உணர்ந்தார். நோயால் நலிந்த சிறுவனுக்கு, அச்சத்தை வென்றேன் என்னும் நினைவு ஊன்றுகோலாயிற்று. ஆகவே அவன் மனம் அதனை விடாது பற்றிக்கொண்டது. ஒருவர்க்கு இளமையில் என்ன நேர்ந்தது என்பதனினும், அதனுள் எதனை அவர் எடுத்து வைத்துக்கொண்டார் என்பதே அவரது இயல்பைக் காட்டும் என்பது ஆட்லர் கொள்கை. முதல் நினைவு ஒன்றே ஒருவர் குணத்தை முழுதும் உரைத்துவிடும் என்று இக்கால ஆராய்ச்சியாளர் ஏற்பதில்லை. எனினும், மனிதர் நினைவைத் தேர்ந்து காக்கின்றனர் என்னும் கருத்து இன்றும் மதிக்கப்படுகின்றது.

வியன்னாவில் எழுந்த இக்கருத்திற்குச் சான்று காண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் புதுக்கோட்டை மண்ணிற் பிறந்த ஓர் அம்மையாரின் வாழ்க்கையே அதற்கு விளக்கமாய் அமைந்துள்ளது. அவரே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

புதுக்கோட்டை இன்று தமிழ்நாட்டின் மாவட்டங்களுள் ஒன்று. 1948ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் வரை அது தொண்டைமான் மன்னர் ஆண்ட தனி நாடாய் இருந்தது. அம்மன் காசு என்னும் தனி நாணயமும் அங்கு வழங்கிற்று. மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இளஞ்சிறுவராக அரசுரிமை எய்திய 1886ஆம் ஆண்டிலேயே, சூலைத் திங்கள் 30ஆம் நாள், முத்துலட்சுமி பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், மன்னர் கல்லூரியின் முதல்வராய் விளங்கிய கல்வியாளர். அன்னையார் சந்திரம்மாள், இசையும் ஆடலும் குலத்தொழிலாய்க் கொண்ட மரபினர். அம்மரபின் பெண்கள் பலர் இளமையிலேயே கோயிலுக்குப் பொட்டுக் கட்டப்பட்டுத் தேவதாசியர் எனப் பெயர் பெற்றனர். சந்திரம்மாளைத் துணைவியாக ஏற்றமையால் நாராயணசாமி ஐயரை அவர்தம் உறவினர் ஒதுக்கி வைத்தனர். தந்தை வழியில் உறவினர் வராத வீடு. தாய் வழியில் ஊரார் இகழ்ச்சிக்கு ஆளான குலம். இவ்விரண்டிற்கும் இடையே அக்குழந்தை வளர்ந்தது.

நான்கு வயதில் முத்துலட்சுமி பள்ளியிற் சேர்க்கப்பட்டார். பெண் குழந்தை பால் கணக்கும் சலவைக் கணக்கும் எழுதத் தெரிந்துகொண்டால் போதும் என்பது அக்காலத்தார் எண்ணம். தந்தையாரும் தமிழ் மட்டும் கற்பித்தால் போதும் என்றே முதலிற் கருதினார் என்றும், சிறுமியின் அறிவுக் கூர்மையைக் கண்ட ஆசிரியர் அவருக்குத் தெரியாமலே ஆங்கிலமும் கற்பித்தார் என்றும் அம்மையாரின் வரலாற்றைக் கூறுவோர் சொல்வர். பதின்மூன்றாம் வயதளவில், அக்கால வழக்கப்படி, சிறுமி பள்ளியினின்றும் நிறுத்தப்பட்டார். அன்னையார் மகளுக்கு மணம் முடிக்க விரும்பினார். மகளோ மேலும் கற்க விரும்பினார். இறுதியில் தந்தையாரே ஆசிரியரானார். வீடே பள்ளியாயிற்று. உடல்வலிமை குன்றியிருந்தும் முத்துலட்சுமி அயராது பயின்று, 1902ஆம் ஆண்டில் மெட்ரிக்குலேசன் தேர்வில் தேறினார்.

அதற்குமேற் பயில வேண்டுமாயின் மன்னர் கல்லூரிக்கே செல்லவேண்டும். அக்கல்லூரியிலோ அதுவரை ஆடவர் மட்டுமே பயின்றனர். பெண் ஒருத்தி வகுப்பறையில் அமர்ந்தால் இளைஞர் ஒழுக்கம் கெடும் என்றனர் சிலர். தம் மக்களைக் கல்லூரியினின்றும் நீக்கிவிடுவதாகக் கூறினர் வேறு சிலர். அவருடைய தாயின் குலத்தைச் சுட்டி இகழ்ந்தோரும் இருந்தனர். கற்க வந்த பெண்ணின் முன்னே கல்லூரியின் கதவு அடைக்கப்பட்டது. அப்போது மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்புகளைப் பொருட்படுத்தாது, அப்பெண்ணைச் சேர்த்துக்கொள்ளுமாறு ஆணையிட்டார். 1904ஆம் ஆண்டில் முத்துலட்சுமி அக்கல்லூரியின் முதல் மாணவியானார். மூடுவண்டியிற் சென்று, வகுப்பிலே திரைமறைவில் தனித்து அமர்ந்து அவர் பாடம் கேட்டார். ஆசிரியர் குரல் கேட்கும். உடன்பயில்வோர் முகம் தெரியாது. மாமன்னர் கல்லூரி என இன்று வழங்கும் அந்நிலையத்தில் பெண்கள் தடையின்றிக் கற்பதைக் காணும் நமக்கு, அன்று தொங்கிய அத்திரையை மனத்திற் காண்பதும் அரிதாகும்.

இளமை முதல் இதுகாறும் அவர் எய்தியவற்றை எண்ணிப் பார்ப்போம். உறவினர் ஒதுக்கியது ஒன்று. பள்ளியினின்றும் நிறுத்தப்பட்டது ஒன்று. கதவு அடைக்கப்பட்டது ஒன்று. திரையிட்டு மறைக்கப்பட்டது ஒன்று. இவை யாவும் மனத்தைப் புண்படுத்தும் ஆணிகளே. ஆயின் அவற்றோடு வேறு சிலவும் அங்கு இருந்தன. ஒதுக்கப்பட்ட போதும் தாயைக் கைவிடாத தந்தை இருந்தார். கேளாமலே கற்றுக்கொடுத்த ஆசிரியர் இருந்தார். அடைத்த கதவைத் திறப்பித்த அரசர் இருந்தார். இகழ்ந்தோர் முகங்களை மட்டும் நெஞ்சில் நிறுத்தியிருப்பின் வெறுப்பே வளர்ந்திருக்கும். உதவியோர் முகங்களை மட்டும் நினைந்திருப்பின் தம் நன்மையோடு மனநிறைவு கொண்டிருத்தல் கூடும். முத்துலட்சுமி இரண்டையும் மறவாது காத்தார் என்பதை அவருடைய பிற்காலச் செயல்கள் காட்டுகின்றன. கதவு அடைபடும் துன்பம் எத்தகையது என்பதும், திறக்க ஒருவர் இருந்தால் திறக்கும் என்பதும் ஆகிய இரண்டும் அவர் உள்ளத்தில் ஒருங்கே பதிந்தன.

1907ஆம் ஆண்டில் அவர் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். அக்கல்லூரியில் 1875 முதலே பெண்கள் சிலர் பயின்று வந்தனர். ஆயினும் அவர்தம் தொகை மிகச் சிறிது. முத்துலட்சுமி பதக்கங்களும் பரிசுகளும் பெற்று 1912இல் பட்டம் எய்தினார். பின்னர் எழும்பூர் மகளிர், குழந்தைகள் மருத்துவமனையில் உறைவிட மருத்துவராய் அமர்ந்த முதல் பெண்மணியும் ஆனார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதித்தல் வேண்டும், தம் பணிக்குத் தடையாகாதிருத்தல் வேண்டும் என்னும் உறுதியைப் பெற்ற பின்னரே அம்மணத்திற்கு அவர் இசைந்தார். தங்கையருள் ஒருவராகிய நல்லமுத்துவும் கல்வியிற் சிறந்து, பிற்காலத்தில் சென்னை இராணி மேரிக் கல்லூரியின் முதல்வரானார். தந்தை வீட்டில் ஏற்றிய விளக்கு ஒன்றோடு நில்லாது மற்றொன்றையும் ஏற்றிற்று.

1923ஆம் ஆண்டில் அம்மையார்க்குப் பெருந்துயர் ஒன்று நேர்ந்தது. மற்றொரு தங்கையாராகிய சுந்தரம்பாள் இளவயதிலேயே புற்றுநோயால் இறந்தார். தாமே மருத்துவராயிருந்தும் உடன்பிறந்தாளைக் காக்க இயலவில்லையே என்னும் துயரம் அவர் நெஞ்சைவிட்டு அகலவில்லை. 1925இல் இங்கிலாந்து சென்று மகளிர் நோய்களைப் பற்றியும் புற்றுநோயைப் பற்றியும் மேலும் பயின்றார். மறுஆண்டு பாரிசு நகரிற் கூடிய உலகப் பெண்கள் மாநாட்டில் இந்தியப் பெண்கள் சார்பிற் கலந்துகொண்டார்.

அவர் தாயகம் திரும்பியபின், 1926இல் சென்னைச் சட்டமன்ற மேலவைக்கு உறுப்பினராக அமர்த்தப் பெற்றார். அவ்வவையின் முதல் பெண் உறுப்பினர் அவரே. 1927இல் அவையினர் அவரைத் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். திரைமறைவில் அமர்ந்து பாடம் கேட்ட பெண், ஆடவர் நிறைந்த அவையின் தலைமை இருக்கையில் அமர்ந்தார். அவ்விருக்கையை அவர் தம் பெருமைக்காகப் பயன்படுத்தவில்லை. இளமையில் தாய்வழிச் சுற்றத்தாரிடையே தாம் கண்ட துன்பத்தை அவை முன் கொணர்ந்தார். சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கம் ஒழிக்கப்படல் வேண்டும் என்று 1927இல் தீர்மானம் கொணர்ந்தார்.

அது எளிய செயல் அன்று. பழைய வழக்கத்திற் கை வைத்தல் ஆகாது என்று எதிர்த்தோர் பலர். ஆடற்கலை அழிந்துபோகும் என்று அஞ்சியோர் இருந்தனர். தம் வாழ்க்கைக்குரிய நிலமும் உரிமையும் பறிபோகுமோ என்று அம்மரபின் பெண்களுள் சிலரும் எதிர்த்து விண்ணப்பித்தனர். அவ்வச்சத்திற்கும் விடை காண்பது போல, 1929இல் நிறைவேறிய சட்டம், கோயிற் பணிக்கெனப் பெற்ற மானிய நிலங்களைப் பணிக்கட்டுப்பாட்டினின்றும் விடுவித்து அப்பெண்களுக்கே உரிமையாக்க வழி செய்தது. பொட்டுக் கட்டுதலையே தடுக்கும் சட்டமோ உடனே கைகூடவில்லை. நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டில், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராய் இருந்தபோது அது நிறைவேறிற்று. இடையிற் கழிந்தவை இருபது ஆண்டுகள். 1930இல் காந்தியடிகள் சிறைப்பட்டபோது, அதனைக் கண்டித்து அம்மையார் தம் பதவியைத் துறந்தார். எடுத்த பணியைத் துறக்கவில்லை.

அக்காலத்தே நிகழ்ந்த ஒன்றே அவர் உள்ளத்தை நமக்கு நன்கு காட்டுவதாகும். பொட்டுக் கட்டும் வாழ்வினின்றும் தப்பி வந்த இளம்பெண்கள் சிலர் அவரிடம் அடைக்கலம் புகுந்தனர். அவர்களைச் சென்னையிலிருந்த மாணவியர் விடுதிகளிற் சேர்க்க அம்மையார் முயன்றார். பிறந்த குலத்தைக் காரணங்காட்டி விடுதிகள் இடம் தர மறுத்தன. புதுக்கோட்டையிற் கல்லூரியின் முன்னே தாம் நின்ற நிலையில் இப்பெண்கள் நிற்பதை அவர் கண்டார். ஆணையிட்டுக் கதவைத் திறப்பிக்க இங்கு அரசர் எவரும் இல்லை. ஆகவே அம்மையார் தம் வீட்டுக் கதவையே திறந்தார். அப்பெண்களைத் தம் இல்லத்தில் ஏற்று உணவும் கல்வியும் அளித்தார். அதுவே 1930களின் தொடக்கத்தில் ஔவை இல்லம் என்னும் பெயரோடு வளர்ந்தது. ஆதரவற்ற சிறுமியரும் கைவிடப்பட்ட பெண்களும் குலவேறுபாடின்றி அங்கு வாழ்வு பெற்றனர். அடையாற்றில் அந்நிலையம் நிலைபெற்றுப் பல தலைமுறைப் பெண்களைக் கற்றோராக்கியது.

தங்கையாரின் மறைவு பதித்த ஆணியும் வீண்போகவில்லை. புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை அமைத்தல் வேண்டும் என்று அம்மையார் நெடுங்காலம் வலியுறுத்தி வந்தார். தீராத நோய்க்கு மருத்துவமனை எதற்கு என்று கேட்டோர் உளர். அவர் இந்திய மாதர் சங்கத்தின் துணைகொண்டு பொதுமக்களிடம் பொருள் திரட்டினார். 1952இல் பிரதமர் சவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு சூன் திங்கள் 18ஆம் நாள் அடையாறு புற்றுநோய் நிலையம் தொடங்கப் பெற்றது. பன்னிரண்டு படுக்கைகளோடு ஒரு சிறு கட்டடத்திற் பிறந்த அந்நிலையம், பின்னர் இந்திய நாடெங்கும் புகழ் பெற்ற மருத்துவ, ஆராய்ச்சி நிலையமாயிற்று. அம்மையாரின் மகனாராகிய டாக்டர் கிருட்டிணமூர்த்தி அதன் வளர்ச்சிக்குத் தம் வாழ்நாளை அளித்தார். அம்மையாரின் தொண்டைப் பாராட்டி இந்திய அரசு 1956இல் பத்மபூசண் விருது வழங்கிற்று.

முதுமையில் அம்மையார் தம் வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி, 1964ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1968ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 22ஆம் நாள், தமது எண்பத்திரண்டாம் பிறந்தநாளுக்கு எட்டு நாட்கள் இருக்கையில் மறைந்தார். ஏழைக் கருவுற்ற பெண்களுக்குத் தமிழ்நாட்டு அரசு வழங்கும் மகப்பேறு உதவித் திட்டம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

இவ்வரலாற்றால் நாம் அறிவது யாது? இளமையில் நேர்ந்தவை நம் விருப்பப்படி நேர்ந்தவை அல்ல. பெற்றோரையும் குலத்தையும் ஊரையும் எவரும் தேர்ந்து பிறப்பதில்லை. குழந்தைக்கு எவ்வகை ஆணி எப்போது அறையப்படும் என்பதும் குழந்தையின் கையில் இல்லை. ஆயின், வளர்ந்தபின் அந்நினைவுகளை என்ன செய்வது என்பது அவரவர் கையில் உள்ளது. ஆட்லர் தம் அச்சத்தை மட்டும் நினைந்திலர். அச்சத்தை வென்றதாகவும் நினைந்தார். அந்நினைவின் இடுகாடு பொய்யாயினும், அதனாற் பெற்ற துணிவு மெய்யாயிற்று. முத்துலட்சுமி அம்மையாரின் இளமையில் இருந்த கதவும் திரையும் மெய்யானவை. அவற்றை அவர் மறக்கவும் இல்லை. அவற்றையே எண்ணிக் கசந்து போகவும் இல்லை. தமக்கு அடைபட்ட கதவைப் பிறர்க்குத் திறக்கும் வேலையையே வாழ்க்கையாக்கிக் கொண்டார்.

இதிலிருந்து நாம் உணரவேண்டியது மற்றொன்றும் உண்டு. ஒரு வகுப்பறையில் நாம் உதிர்க்கும் இகழ்ச்சிச் சொல் ஒரு நாளில் நமக்கு மறந்துபோகும். அதனைக் கேட்ட பிள்ளைக்கு வாழ்நாள் முழுதும் மறவாது. அவ்வாறே, உரிய காலத்திற் செய்த சிற்றுதவியும் மறவாது நிற்கும். பெயர் அறியப்படாத ஓர் ஆசிரியர் ஒரு சிறுமிக்குச் சில ஆங்கில எழுத்துகளைக் கற்பித்தார். அவ்வெழுத்துகள் ஒரு மருத்துவராய், ஒரு சட்டமாய், ஓர் இல்லமாய், ஒரு மருத்துவமனையாய் வளர்ந்தன. பசுமரத்தில் நாமும் நாள்தோறும் ஆணி அறைந்து கொண்டேயிருக்கிறோம். அறையுமுன் எண்ணிப் பார்த்தல் நம் கடனாகும்.